தறிச் சத்தத்தில் செய்த பெட்டி

பிள்ளைகளே, கிதாரின் சத்தத்தைக் கரகரவென்று ஆக்குகிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. ஃபஸ் பெடல் என்பார்கள். காலால் மிதித்தால் வேலை செய்யும். ஆரணியில் விசைத்தறி பழுது பார்க்கிற நான், வீடியோ பார்த்து, பழைய டிபன் டப்பாவுக்குள் அதை என் மகளுக்குச் செய்து கொடுத்தேன். கல்லூரி விழாவில் வாசிக்கிற குழுவில் அவளும் இருந்தாள்.

ஒத்திகையிலிருந்து திரும்பியவள் டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

“இன்னாபா இது, ஊசியால குத்தறா மாதிரி கத்துது. எல்லாரும் காதைப் பொத்திகினு நிக்கறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாவலைன்னா என்னை வேணாம்னு சொல்லிட்டாங்க.”

“தறியாண்ட நல்லாத்தானே கேட்டுது?”

“ஐயோ, தறியாண்ட வச்சா டெஸ்ட் பண்ண?”

ஆமாம். வேறு எங்கே செய்வேன்? ஓடுகிற தறிகளை மீறிக் கேட்கும் வரை கூர்மையைக் கூட்டிக்கொண்டே போயிருந்தேன்.

அவளை வாசிக்கச் சொன்னேன். என் மனைவி சமையலறைக் கதவைப் படாரென்று சாத்தினாள். “ஏங்க, பேஜாரா கீது, நிறுத்துங்க!”

எனக்கு அந்தக் கீச்சு கேட்கவே இல்லை. கரகரப்பு மட்டும் கேட்டது. தறிக்கூடத்தில் இத்தனை வருடம். கீச்சென்ற மேல் சத்தமெல்லாம் என் காதை விட்டு எப்போது போனதோ, தெரியாது. வருத்தம் வரும் என்று சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் கம்பியைச் சூடேற்றினேன்.

கெபாசிட்டர் என்று மிளகு அளவில் ஒரு பொருள். சத்தம் வெளியே போகிற கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தால் கூர்மையை வடித்துவிடும். பெரிதானால் அதிகமாக வடியும். எது சரி என்று காதுதான் சொல்ல வேண்டும்.

தறி ஓடும்போது நாங்கள் பேச்சைக் காதால் வாங்குவதில்லை. எதிரில் இருப்பவரின் உதட்டையும் புருவத்தையும் பார்த்தே புரிந்துகொள்வோம். அப்படியே மகளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

சின்னதை வைத்தேன். புருவம் சுருங்கியே இருந்தது. பெரியதை வைத்தேன். உதட்டைப் பிதுக்கினாள்.

“போர்வைக்குள்ள பாடறா மாதிரி கீதுபா.”

இரண்டுக்கும் நடுவில் ஒன்றை வைத்தேன். புருவம் இளகியது. என்னைப் பார்க்காமல் வாசித்துக்கொண்டே போனாள். சமையலறைக் கதவு திறந்தது. கரண்டியோடு நின்ற என் மனைவி, “இப்ப பரவால்லங்க” என்றாள்.

எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் கேட்டது. நடுவில் உள்ளதையே பற்றவைத்து மூடினேன்.

வெள்ளிக்கிழமை விழாவில் அவள் வாசித்தாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்னால் இருந்தவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையும் காதுக்குப் போகவில்லை. பிறகு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தோம்.