சொர்ணமும் அசையாத அம்புக்குறியும்

சொர்ணத்திடம் முடியாது என்று சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. பெங்களூர் மர்பி டவுனில் அவள் தெருவுக்கே இது தெரியும். ஒரு கோடையில் குழாயில் தண்ணீர் வராமல் போனபோது குடிநீர் வாரிய ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு வாம்மா" என்றார் அங்கிருந்தவர். "நாளைக்கும் வரேன் சார், இன்னைக்கும் இருக்கேன்" என்றாள். இருந்தாள். சாயங்காலம் லாரி வந்தது. கூடப் போன பெண்கள் அதை இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவள் மட்டும் சிரிப்பதில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பாள்.

பல வருஷம் துணி கம்பெனியில் சட்டைக் காலர் தைத்தவள் அவள். பிறகு தைத்ததைச் சரிபார்க்கும் மேஜைக்கு வந்தாள். தையல் ஒரு நூல் விலகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கம்பெனியை ஊருக்கு வெளியே எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். சொர்ணம் வீட்டில் உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்திருப்பது அவள் உடம்புக்கு ஒத்துவராத வேலை. பக்கத்துத் தெரு ஜூலியாதான், ஈஜிபுராவில் தான் வேலை பார்க்கும் சின்ன ஆபீஸுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே என்ன வேலை என்று கேட்டால் சொர்ணம் ஒரே வரியில் சொல்லிவிடுவாள். "படத்துல இருக்கிற மாட்டைச் சுத்திக் கோடு போடணும்." மாடு மட்டுமில்லை. சாலைப் படங்கள் கணினியில் வரும். ஆட்டோ, ஆள், பள்ளம், தள்ளுவண்டி என்று ஒவ்வொன்றின் விளிம்பிலும் மவுஸால் புள்ளி புள்ளியாக வைத்து வளைத்துக் கட்ட வேண்டும். எங்கேயோ ஒரு தேசத்தில் டிரைவர் இல்லாமல் ஓடப்போகிற கார், எது மாடு எது மனுஷன் என்று இந்தப் படங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளுமாம். முதல் நாள் அவள் பிடித்த மவுஸ் மேஜையைத் தாண்டி ஓடிக் கீழே விழுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அந்த மவுஸ் அவள் சொன்னபடி கேட்டது. அவள் போட்ட கோட்டைப் பார்த்துவிட்டு, காலர் ஓரம் மாதிரி இருக்கிறது என்றாள் ஜூலியா. உண்மைதான்.

வினை வீட்டிலிருந்து வந்தது. கணவர் சுந்தரமூர்த்தி நல்ல மனுஷன்தான், ஆனால் அண்ணன் என்று வந்துவிட்டால் அவர் வாய்க்குப் பூட்டு கிடையாது. அல்சூரில் மெஸ் நடத்தும் அண்ணன், சமையலுக்கு ஆள் நிற்கமாட்டேன் என்கிறது என்று புலம்ப, இவர் நின்ற இடத்திலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். சொர்ணத்துக்கு அங்கே பர்மனென்ட் ஆகவில்லை என்றால், ஒண்ணாம் தேதியிலிருந்து மெஸ்ஸுக்கு வந்துவிடுவாள் என்று. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமையல் அவளுக்குப் பிடிக்காத வேலை இல்லை. தன்னைக் கேட்காமல் தன்னைத் தூக்கிக் கொடுத்ததுதான் நெஞ்சில் எரிந்தது. மெஸ்ஸுக்குப் போனால் அவள் தம்பி பொண்டாட்டி, அவ்வளவுதான். ஈஜிபுரா ஆபீஸில் அவளைச் சொர்ணம் என்று கூப்பிட்டார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது.

பர்மனென்ட் ஆக வேண்டுமானால் ஒரு தேர்வு எழுத வேண்டும். பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறக்கிற அன்று காலை பத்தரைக்கு அது அவரவர் கணினியில் திறக்கும், வேறு கணினியில் திறக்காது. மதியம் தானாக மூடிக்கொள்ளும். அதற்குள் படங்களை முடித்தால் முடித்தது, இல்லாவிட்டால் போனது.

விடுமுறைக்கு முந்தின நாள் ஆபீஸில் ஆயுத பூஜை தடபுடலாக நடந்தது. வாசலில் வாழைக்கன்று, கணினிகளுக்குச் சாமந்தி மாலை, பூசணி உடைத்தது, பொரி கடலை, எதிலும் குறையில்லை. சூப்பர்வைசர் வீணா கன்னடத்தில் ஸ்லோகம் சொல்லத் தொடங்கிப் பாதியில் மறந்து, மணியை மட்டும் விடாமல் ஆட்டினாள். சொர்ணத்துக்கு ஆயுதம் என்றால் ஆயுதம். தையல் மிஷினுக்குப் பொட்டு வைத்த கை சும்மா இருக்குமா? எல்லா மேஜையிலிருந்தும் ஒயர் இல்லாத மவுஸ்களைத் திரட்டி எடுத்துவந்து, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பெரிய எவர்சில்வர் தட்டில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கினாள். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக் கூடாது என்பது வழக்கம். ஆகவே எல்லோரும் தட்டை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

திறந்த அன்று முதல் ஆளாக வந்தவள் சொர்ணம்தான். வாடிய மாலையைக் கழற்றினாள், தட்டுக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டாள், ஒரு மவுஸை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். கணினி நல்லபடியாகத்தான் கிளம்பியது. திரை வந்தது, நடுவில் அம்புக்குறி வந்தது. மவுஸை நகர்த்தினாள். அம்பு நின்ற இடத்திலேயே நின்றது.

கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அம்பு வந்தது, அசையவில்லை. மவுஸைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது, பக்கத்தில் சந்தனம் ஒட்டியிருந்தது. சரி, நம் பக்தி வழிந்ததுதான் காரணம் என்று புடவைத் தலைப்பால் துடைத்தாள். அசையவில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். அடியில் வெள்ளைத் தாள் போட்டு ஓட்டினாள். ஊஹூம். தட்டிலிருந்து வேறொன்றை எடுத்து வந்தாள், பிறகு இன்னொன்று. விளக்கு எல்லாவற்றிலும் எரிந்தது. அம்பு எதற்கும் மசியவில்லை.

ஆபீஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பாலகுமாருக்குப் போன் போட்டாள். அவன் பூஜைக்குக் குடியாத்தம் போய்விட்டு வந்துகொண்டிருந்தான். பஸ் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் நகராமல் நின்றது.

"இன்னாப்பா இது, மவுஸ் அசையவே மாட்டேங்குது."

"வேற மவுஸ் போட்டுப் பாத்தீங்களாக்கா?"

"மூணு போட்டுப் பாத்துட்டேன்."

"மூணுமா ஒண்ணா போயிடும்? அப்ப மவுஸ் இல்லக்கா, சிஸ்டம்தான்."

அவன் சொன்னதில் தப்பில்லை, அவனுக்குத் தட்டு விஷயம் தெரியாதே. அங்கிருந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னான். இந்த விசையை அழுத்துங்கள், அம்பு விசையால் கீழே இறங்குங்கள், மவுஸ் என்று இருப்பதை நீக்குங்கள், மறுபடி போடுங்கள். கணினி மின்சாரம் மிச்சம் பிடிக்க மவுஸைத் தூங்க வைத்திருக்கும், அந்த டிக்கை எடுங்கள். சொர்ணம் விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் செய்தாள். ஒவ்வொரு முறையும் கணினி கிளம்பியது, அம்பு வந்தது, நின்றது. பயமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மெஸ்ஸின் பெரிய அடுப்பு அவள் கண்முன் வந்து போனது.

அதற்குள் வீணா வந்துவிட்டாள்.

"ஏனாய்த்து சொர்ணம்மா, என்ன ஆச்சு?"

நடந்ததைச் சொன்னாள். கீழே இருக்கும் மொபைல் கடை இன்னும் திறக்கவில்லை. வீணா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"டென்ஷன் பேடா, வேண்டாம். சிஸ்டம் ஃபால்ட்டுனு ஒரு மெயில் போட்டுடறேன். அடுத்த பேட்ச்ல எழுதலாம்."

"அடுத்த பேட்ச் எப்ப மேடம்?"

"பொங்கல் முடிஞ்சு வரும்."

பொங்கல் முடிந்து அவள் மெஸ்ஸில் மூன்று மாத சாம்பார் இறக்கியிருப்பாள். வேண்டாம் மேடம், மெயில் போடாதீங்க என்றாள். போனை மறுபடி காதில் வைத்தாள்.

"பாலு, மவுஸே இல்லாம அந்த அம்பை நகர்த்த வழி இருக்கா, இல்லையா?"

"இருக்குக்கா. வலது பக்கம் நம்பர் கீ இருக்குல்ல, அதை வெச்சு நகர்த்தலாம். ஆனா ஒரு அழுத்துக்கு இத்துனூண்டுதான் நகரும். அதுல கோடு போடறதெல்லாம் உங்களால முடியாது."

"எந்த கீன்னு மட்டும் சொல்லு."

சொன்னான். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தியதும் கணினி ஏதோ கேட்டது, ஆமாம் என்றாள். எட்டாம் எண்ணை அழுத்தினாள். காலையிலிருந்து கல்லாக நின்ற அம்பு மேலே ஏறியது. ஆறு வலது, நான்கு இடது, இரண்டு கீழே, ஐந்தை அழுத்தினால் புள்ளி விழும். தேர்வு திறந்தது.

முதல் படம் ஒரு ஆட்டோ. பின்சக்கரத்தில் தொடங்கினாள். தட்டினால் ஒரு மயிரிழை, அழுத்திப் பிடித்தால் ஓட்டம். விரல் முதலில் தடுமாறியது, பிறகு பிடிபட்டது. காலர் முனையில் மிஷினை நிறுத்தி, கையால் சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்குவாளே, அதே வேலைதான் இது. வீணா பின்னால் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய் அவளுக்குக் காபி சொன்னாள்.

ஆனால் மெதுவாகத்தான் போயிற்று. இந்த வேகத்தில் முடியாது என்று சொர்ணத்துக்கே தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை. முடிகிற மட்டும் முடியட்டும் என்று அடுத்த படத்தை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். ஒரு மாட்டின் கொம்பு வரைக்கும் வந்திருப்பாள். அம்பு திடீரென்று துள்ளிக்கொண்டு வானத்துக்குப் போயிற்று.

அவள் விசையைத் தொடவே இல்லை. அம்பு இடதும் வலதுமாகப் பேயாடியது. ஒரு புள்ளி மேகத்தில் விழுந்தது, இன்னொன்று கரண்ட் கம்பத்தில் விழுந்தது. மாட்டுக்கு மேகம்வரை கொம்பு முளைத்துவிட்டது. "அட பாவி" என்றாள் சொர்ணம், யாரை என்று அவளுக்கே தெரியவில்லை. விழுந்த புள்ளிகளை அழித்தாள். அம்பு கொஞ்சம் ஓய்ந்தது, மறுபடி ஆடியது.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து டொக் டொக் என்று மேஜையில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்த ஜூலியா முணுமுணுத்தாள்.

"இன்னாடா இது, என் மவுஸும் வொர்க் ஆவல."

டொக் என்றபோது அம்பு துள்ளியது. சத்தம் நின்றால் அம்பும் நின்றது. சொர்ணம் நிமிர்ந்தாள்.

"ஜூலியா, கையை எடு."

"இன்னாக்கா?"

"கையை எடுன்னா எடு." அம்பு நின்றது. "இப்ப வலது பக்கமா தள்ளு." அம்பு வலது பக்கம் போனது. "இடது பக்கம்." இடது பக்கம் வந்தது.

சொர்ணம் எழுந்துபோய் ஜூலியாவின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். தன் மேஜையில் கிடந்ததை அவளிடம் கொடுக்கவும் இல்லை, விளக்கம் சொல்லவும் இல்லை, நேரம் எங்கே இருக்கிறது? மேஜைக்கு வந்து மவுஸை வைத்து நகர்த்தினாள். அம்பு நாய்க்குட்டி மாதிரி கூடவே வந்தது. போனில் இன்னும் காத்திருந்த பாலகுமாருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு மவுஸுக்கும் ஜோடியாக, நகம் அளவு ஒரு குச்சி கணினியில் செருகியிருக்கும். மவுஸ் அந்தக் குச்சியோடு மட்டும்தான் பேசும்.

"எல்லா மவுஸையும் ஒண்ணா கலந்தது யாருக்கா?"

"நான்தான். அப்புறமாத் திட்டு" என்று போனை வைத்தாள்.

அதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு மவுஸை ஆட்டுவதும், யார் திரையில் அம்பு ஓடுகிறது என்று எட்டிப் பார்ப்பதுமாக, கல்யாண மண்டப வாசலில் செருப்புத் தேடுகிற அமர்க்களம் அங்கே நடந்தது. சொர்ணம் தலையைத் திருப்பவில்லை. மாட்டை முடித்தாள், பள்ளத்தை முடித்தாள். கடைசிப் படத்தில் ஆட்டோவுக்குப் பின்னால் பாதி மறைந்து ஒரு பூக்காரி நின்றிருந்தாள், கூடை மட்டும்தான் முழுசாகத் தெரிந்தது. அந்தப் பாதி உடம்பை அவசரத்திலும் அவள் வெட்டவில்லை. விரல் நுனிவரை சுற்றிவந்து மூடினாள். பொத்தானை அழுத்திக் கையை எடுத்த கொஞ்ச நேரத்திலேயே தேர்வும் மூடிக்கொண்டது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெயில் வந்தது. வீணா அதை நின்றபடியே படித்தாள், பிறகு சிரித்தாள்.

"பாஸ் சொர்ணம்மா. பர்மனென்ட். முதல் படங்கள்ல ஓரம் ரொம்ப சுத்தமா இருக்காம், பின்னாடி வந்த படத்தைவிட. எந்த டூல்ல போட்டீங்கன்னு கேக்கறாங்க. என்ன எழுதட்டும்?"

"எழுதுங்க, கையிலன்னு" என்றாள் சொர்ணம். கம்பெனியை மூடிக்கொண்டு போனபோதுகூட அழாதவள், பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நன்றாக அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது போன் அடித்தது. சுந்தரமூர்த்தி, அண்ணனின் மெஸ்ஸிலிருந்து. பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"இன்னா சொர்ணம், ஆச்சா இல்லியா? அண்ணன் பக்கத்துலதான் நிக்கறாரு. ஒண்ணாந்தேதிக்கு இன்னா சொல்லட்டும்னு கேக்கறாரு."

"என்கிட்ட கேக்கறீங்களா?"

பாத்திரச் சத்தம் தள்ளிப் போனது, அண்ணனை விட்டு வெளியே வந்துவிட்டார் போல.

"உன்கிட்டதான் கேக்கறேன்" என்றார் சுந்தரமூர்த்தி.

"வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள் சொர்ணம்.