காப்புக் கட்டிய கை

சேந்தமங்கலத்தில் யாரிடமும் நான் படிக்கும் படிப்பைச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. தெற்காசியப் பகுதி ஆய்வு, எம்.ஏ. ஒரு நிலப்பகுதியை எடுத்துக்கொண்டு அதன் மொழி, விவசாயம், சாமி, அரசியல் எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பது என்று விளக்குவேன். அப்பா வெங்காயத்தைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்பார். "நம்மூரப் பத்தி நம்மளுக்கே தெரியாதா? அதுக்கு எதுக்குக் கண்ணு காலேஜு?" என்று ஒரே போடாகப் போடுவார். தொண்ணூற்றேழில் அந்தத் துறையில் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் வேறு எதிலும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். நானும் அந்தப் பாதியில் ஒருத்தி.

என் அறைத்தோழி அப்படியில்லை, விரும்பி வந்து சேர்ந்தவள். கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுக்காரி. சாமையும் மரவள்ளியும் கொஞ்சம் மிளகும் போடும் குடும்பம். அவள் கட்டுரை எழுதினால் பேராசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டுவார். என்னுடையது சிவப்பு மையோடு திரும்பி வரும். எனக்குப் பொறாமைதான், அதை மழுப்புவானேன். ஆனாலும் விடுதியில் ஒரே தட்டில்தான் சாப்பிட்டோம்.

படிப்பு முடிகிற சமயம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு வாய்ப்பு வந்தது. அங்கே போய் ஆராய்ச்சி செய்யலாம். கூடவே அந்த ஊர் மாணவர்களுக்குத் தமிழும் தமிழ்நாடும் சொல்லித்தரலாம். அதற்குச் சம்பளமும் உண்டு. எங்கள் துறைக்கு வேலையென்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. இருந்தது ஒரே இடம். நேர்காணல் சேலத்தில், ஒரு கல்லூரியில். எனக்கு அது கிடைக்காவிட்டால் பி.எட். சேர்த்துவிட அப்பா தயாராக இருந்தார். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. "இது கெடச்சா அனுப்பறேன், இல்லாட்டி தையில கல்யாணம்னு எங்கப்பா சொல்லிட்டாரு புள்ள" என்றாள். இதைச் சொன்னபோது சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நேர்காணல் தேதி அவள் ஊர் நோம்பிக்குள், அதாவது சாமி திருவிழாவுக்குள், வந்து மாட்டிக்கொண்டது. அந்த வருடம் சாமி காரியம் அவள் அப்பாவின் பொறுப்பு. அதனால் வீட்டில் எல்லோரும் கையில் காப்புக் கட்டியிருந்தார்கள். மஞ்சள் துண்டு கோத்த ஒரு கயிறு, அவ்வளவுதான். ஆனால் அதைக் கட்டிவிட்டால் பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ராத்திரி ஊர் எல்லைக்குள் வந்துதான் படுக்க வேண்டும். இதை எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எங்கள் ஊர்ச் சந்தையில் மலைக்காரர்கள் காப்புக் கையோடு வந்து நின்றால், கூட்டம் எவ்வளவு இருந்தாலும் அப்பா அவர்களுக்குத்தான் முதலில் வெங்காயம் நிறுத்துப் போடுவார். "அவங்க மலையேறோணும், மொதல்ல உடு கண்ணு" என்பார். அவர்களாக வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். சாமி பேரைச் சொல்லி முந்துவது தப்பு. கையைப் பார்க்கிறவர்கள்தான் வழிவிட வேண்டும்.

விடிகிற பஸ்ஸைப் பிடித்து அவள் சேலம் வந்துவிட்டாள். வராந்தாவில் நாற்காலி போட்டு எங்களை உட்காரவைத்திருந்தார்கள். ஆங்கில எழுத்து வரிசைப்படி கூப்பிட்டார்கள். அவள் பெயர் கடைசி, அதற்கு முந்தியது என்னுடையது. காலையில் இரண்டு பையன்கள் தங்கள் முறையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, கதவருகே இருந்த ஊழியர், "உங்களுக்குள்ள மாத்திக்கங்க, எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டார். நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

உள்ளே போனவர்கள் சீக்கிரம் வெளியே வரவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து, மணி இரண்டரையும் ஆகிவிட்டது. மூன்று மணிக்குள் கிளம்பினால்தான் ராசிபுரம் போய், சேந்தமங்கலம் போய், மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியும். அவள் கடிகாரத்தையே பார்த்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன். மஞ்சள் வேர்வையில் நனைந்து மணிக்கட்டில் கறையாக இறங்கியிருந்தது.

'நீ மொதல்ல போ' என்று மூன்று வார்த்தை. தொண்டை வரை வந்தது. இவள் உள்ளே போனால் எனக்குக் கிடைக்காது என்பதும் கூடவே வந்தது. நான் வாயைத் திறந்து வேறொன்றைச் சொன்னேன். "இன்னிக்கு எங்க ஊட்லயே தங்கிக்கயேன் புள்ள. காலைல மொத பஸ்ல போயிக்கலாம்."

அவளால் ஏற்கவே முடியாத ஒன்றைத் தாராளமாகக் கொடுத்தேன். கொடுக்க முடிந்ததை மடியில் கட்டிக்கொண்டேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அதெப்படிப் புள்ள முடியும்?" என்றாள். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். "பையக் குடு, நான் பாத்துக்கறேன். நல்லாப் பண்ணிட்டு வா" என்று என் பையை வாங்கிக்கொண்டாள்.

உள்ளே மூன்று பேர். முதல் கேள்விகளுக்கெல்லாம் நான் உளறினேன். பிறகு வெள்ளைக்கார அம்மாள் ஒருவர், புத்தகத்தில் இல்லாத, நீங்களே கண்ட வழக்கம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். என் வாயில் காப்புத்தான் வந்தது. எல்லை, இரவு, மஞ்சள் எல்லாம் சொன்னேன். அவர்கள் கேட்க மாட்டார்கள், கீழேயிருக்கும் நாங்கள் கையைப் பார்த்து வழிவிடுவோம் என்றும் சொன்னேன். சந்தையில் அப்பா நிறுப்பதைச் சொன்னபோது மூவரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். இவ்வளவு நன்றாக நான் அதற்கு முன் பேசியதில்லை.

வெளியே வந்தபோது அவள் நாற்காலி காலியாக இருந்தது. என் பையை ஊழியரிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் கடைசிப் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார். பிறகு உள்ளே போய், ஆள் வரவில்லை என்றார். வந்து காத்திருந்துவிட்டுப் போனாள் என்று நான் சொல்லவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

இடம் எனக்குக் கிடைத்தது. தையில் அவளுக்குக் கல்யாணம். நான் அப்போது குளிர் நாட்டில் உட்கார்ந்து 'வாங்க, போங்க' சொல்லித்தந்துகொண்டிருந்தேன். அந்த வேலை நிலைத்து, அங்கேயே ஆசிரியையும் ஆனேன். வருடா வருடம் கொங்குப் பகுதி பற்றிய வகுப்பில் காப்பு வழக்கத்தைச் சொல்லுவேன். மாணவர்களுக்கு மிகவும் பிடித்த வகுப்பு அது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

சில வருடம் கழித்து என் மாணவர்களைக் கொல்லிமலைக்குக் கூட்டிவந்தேன். அவளை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தேன். வாசலூர்பட்டி படகுத் துறைக்குத் தன் வீட்டுக்காரரின் வண்டியில் வந்து இறங்கினாள். மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பதாகச் சொன்னாள். "ஏம்புள்ள, இப்பிடி எளச்சுப் போயிட்டே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று விமானத்திலிருந்தே கோத்துவைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

ஏரிக்கரையில் மாணவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவள் ஆங்கிலத்திலேயே பேசினாள். நோம்பியைப் பற்றியும் காப்பைப் பற்றியும் என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள். வழிவிடுவதைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த பெண் கையைத் தூக்கினாள்.

"கீழே இருப்பவர்கள் கேட்காமலே வழிவிடுவார்கள் என்று எங்கள் ஆசிரியை சொன்னாரே, அது உண்மைதானா?"

அவள் என்னைப் பார்த்தாள். வராந்தாவில் பார்த்த அதே பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உங்க டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள், தமிழில். பிறகு அதையே அவர்களுக்கு ஆங்கிலத்திலும் சொன்னாள். அந்தப் பெண் குனிந்து அதை எழுதிக்கொண்டாள்.