அப்பா ரேடியோவில் பேசிய நாள்

அப்பா ரேடியோவில் பேசியதை ஊரே கேட்டது. கேட்காத ஒரே ஆள் அப்பாதான்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். கால்வாயில் தண்ணீர் வராமல் பிசானப் பருவ நெல் கருகிக்கொண்டிருந்தது. அணையில் தண்ணீர் இருந்தும் திறக்கவில்லை. அரசு வானொலியில் அதிகாரியோடு விவசாயிகள் போனில் பேசும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், வாயுள்ளவர். வாத்தியாரே, நீங்கதான் தண்ணியப் பத்திக் கேக்கணும் என்று ஊர் அவரைப் பிடித்துத் தள்ளியது. வானொலிக்காரர்களோ முன்கூட்டியே கூப்பிட்டு, அரசுக்கு நன்றி சொல்லுங்கள், உரம் பற்றி ஏதாவது கேளுங்கள், தண்ணீர் பேச்சை எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா அவர் பின்னாலேயே அலைந்தாள். “அவுக சொன்னத மட்டும் பேசுங்க. அரசாங்க வேலைக்கு உலை வச்சிராதீக.”



போன் பக்கத்தில் ரேடியோ ஓடினால் இரையுமாம். அதனால் அப்பா அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டார். கேட்டு வந்து சொல்ல என்னை உரக்கடைக்கு அனுப்பினார். கடை அண்ணாச்சி ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார். சுற்றிலும் ஊர் ஆம்பிளைகள் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். அப்பா குரல் வந்தது. அடேயப்பா, என்ன கணீர்! அரசுக்கு நன்றி என்றார். அத்தோடு அவர் குரல் நின்று ஒரு பாட்டு வந்தது.

அண்ணாச்சி பட்டென்று ரேடியோவை அணைத்தார். ஒருவர் காறித் துப்பிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

வீட்டுக்கு ஓடினேன். அப்பாவின் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. கதவுக்கு வெளியே நின்று கேட்ட அம்மா அழுதுகொண்டிருந்தாள். “அணையப் பூட்டி வச்சு யாரக் காப்பாத்துதீகன்னு கேட்டுட்டாரே! இனி என்ன செய்வாகளோ!”

“ஏட்டி, நல்லாக் கேட்டுச்சா?” என்றார் அப்பா.

“கணீர்னு கேட்டுச்சுப்பா!”

“ஆளுக என்ன சொன்னாக?”

“ஒருத்தரும் வாயத் தொறக்கல. கலைஞ்சு போயிட்டாக.”

“அரண்டு போயிருப்பாக,” என்று சிரித்தார். பாட்டு வந்ததை நான் சொல்லவில்லை. ரேடியோ என்றால் பாட்டு வரத்தானே செய்யும்.

அப்பா முகம் கழுவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். “வா, கடை வரைக்கும் போயிட்டு வருவோம்,” என்றார். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, பெருமை தாங்காமல், நானும் குதித்துக் குதித்துப் போனேன்.