ஒன்றரைப் புதுப்பாட்டு

மற்ற பேண்டுகள் எல்லாம் நாலைந்து கேசட் போட்ட பிறகு, அதில் ஜனங்கள் வாயில் ஒட்டிக்கொண்ட பாட்டுகளைப் பொறுக்கி 'சிறந்த பாடல்கள்' என்று ஒன்று போடுவார்கள். நாங்கள் போட்ட முதல் கேசட்டே சிறந்த பாடல்கள்தான். அதற்குக் காரணம் என் கல்யாணம்.

அப்போது நாங்கள் கஹவத்தைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எழுபதுகள் முடிகிற நேரம். டுபாய், குவைத் என்று போனவர்கள் கேசட் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கத் தொடங்கியிருந்தார்கள். பேண்டில் நாங்கள் நாலு பேர். கிட்டார் என் அண்ணன். டிரம்ஸ் அடித்தவர் தோட்டத்துக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்துக்காரர். அவரும் அண்ணனும் ஒரே மலையில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். பேஸ் கிட்டார் வாசித்தவர், பாலை ரப்பராக்குகிற எங்கள் ஸ்டோரில் மிஷின் பார்க்கிற பிட்டர். அந்த கிட்டாரைப் பலாப் பலகையில் அவரே அறுத்துச் செய்திருந்தார். அரை மணி நேரம் மாட்டிக்கொண்டால் ஒரு பக்கத் தோள் இறங்கிவிடும்.

பாட்டு நான். எனக்கும் ஸ்டோரில்தான் வேலை. காய்ந்த ரப்பரில் எங்கேயாவது பட்டைத் தூளோ கறுப்புப் புள்ளியோ தெரிந்தால் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். எனக்கு வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது.

ரேடியோவில் இங்கிலீஷ் ராக் பாட்டு கேட்டுக் கேட்டு அண்ணனுக்குப் பைத்தியம் முற்றியிருந்தது. அதே அடி, அதே கத்தல், ஆனால் எங்கள் பேச்சில் எங்கள் சங்கதி என்று பாட்டுக் கட்டுவான். அட்டை கடிக்கிறதைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. அதைவிடப் பெயர் வாங்கியது பஸ் பாட்டு:

றக்வான பஸ்ஸே, வளைவுல கொஞ்சம் நில்லு,
வாந்தி வருது மாமிக்கு, கண்டக்டர்கிட்ட சொல்லு!

கோவில் திருவிழாவில் இதை மூன்று தடவை பாடச் சொல்வார்கள். கிராமத்தில் சித்திரை வருஷப் பிறப்பு விளையாட்டுப் போட்டிக்கும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். தமிழ் தெரியாத ஆட்கள்கூட 'மாமிக்கு' வரும் இடத்தில் சேர்ந்து கத்துவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளை வந்தது. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். தோட்டத்திலிருந்து இறங்கிப்போய் கஹவத்தைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்து நன்றாக இருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் வெற்றிலையை மடித்தபடி சொன்னார்.

"பொண்ணு பாடுதுன்னு கேள்விப்பட்டோம். கல்யாணம் வரைக்கும் பாடட்டும். அதுக்கப்புறம் மேடை ஏறக் கூடாது. கடைத்தெருவுல நாலு பேரு நம்மள பாக்குறாங்க."

அப்பா தலையாட்டினார். மாப்பிள்ளையோ தட்டில் இருந்த பூந்தியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பூந்தித் தட்டை எடுத்துக் கவிழ்த்திருப்பேன். ஆனால் ஒரு தொல்லை, எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிருந்தது. போகும்போது படியில் தடுக்கி, யாரும் பார்த்தார்களா என்று திரும்பி, நான் பார்த்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிடிக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் வந்து, "தங்கச்சி, நம்ம நல்ல பாட்டெல்லாம் சேத்து ஒரு கேசட் போட்டுருவோம். ஒன் குரலாவது இங்க கெடக்கட்டும்" என்றான்.

"கெடக்கட்டுமா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"அப்புடி சொல்லல..."

"பழைய பாட்டு மட்டும்னா நான் வாய தொறக்க மாட்டேன். புதுசு ரெண்டு வேணும். புதுசு இருந்தாத்தான் இன்னும் பாடுறான்னு அர்த்தம்."

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு கிட்டாரை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அந்த வாரத்துக்குள் இரண்டு பாட்டு கட்டிவிட்டான். ஒன்று என் கத்தரிக்கோலைப் பற்றி. மற்றது மழைப் பாட்டு.

கேசட் பெட்டி டிரம்ஸ்காரரின் அக்கா குவைத்திலிருந்து கொண்டுவந்தது. அவர் திரும்பிப் போக நாள் நெருங்கியிருந்ததால் ஒரே ஒரு நாளைக்குத்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார். எந்த நாள் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். அதில்தான் சிக்கல். வெயில் நாளில் அண்ணனும் டிரம்ஸ்காரரும் மலையில் பால் வெட்டப் போய்விடுவார்கள். ஸ்டோரிலும் மிஷின் ஓடும். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, தண்ணீர் சிரட்டைக்குள் இறங்கிவிடும். இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்தால் ஸ்டோரில் அரைப்பதற்குப் பால் இருக்காது, மிஷினும் நின்றுவிடும். ஆக, மழை நாளில்தான் எல்லாரும் கூட முடியும். ஆனால் மழை நாளில் நாங்கள் குடியிருந்த லயத்தின் தகரக் கூரைக்குக் கீழே நின்று பாடினால் கேசட்டில் தகரம்தான் பாடும்.

இதற்கு வழி சொன்னது நான். ஸ்டோரில் ரப்பர் காயவைக்கும் கீழ்த்தட்டு அறை ஒன்று உண்டு. கூரையிலிருந்து தரை வரைக்கும் வெள்ளை ரப்பரை நீளநீளமாகத் தொங்கவிட்டிருப்பார்கள், சேலைகளைக் கொடியில் போட்டதுபோல. அதற்குள் நின்று பாடினால் வேறு சத்தம் ஒன்றும் வராது, குரல் மட்டும் தனியாக நிற்கும். வெளியே கொட்டுகிற மழைகூட உள்ளே கேட்காது. கரண்டும் அங்கேயே இருந்தது.

அப்பாதான் ஸ்டோர் கங்காணி. நிச்சயதார்த்தத்தில் தலையாட்டியதிலிருந்து என் முகத்தை நேராகப் பார்க்காமல் திரிந்தவர், அந்த மழை நாளின் காலையில் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "நான் தேத்தண்ணி குடிக்கப் போறேன்" என்று பொதுவாகச் சுவரிடம் சொன்னார். அன்றைக்கு மனுஷன் குடித்த தேத்தண்ணி லேசில் முடியவில்லை.

உள்ளே வெதுவெதுப்பு. ரப்பர் நாற்றம் எங்களுக்குப் பழகினது, பெட்டிக்கும் பழகிவிடும் என்று பிட்டர் சொன்னார். பஸ் பாட்டு, அட்டைப் பாட்டு, மற்றப் பாட்டுகள் எல்லாம் தடங்கல் இல்லாமல் ஏறின. பிறகு முதல் புதுப்பாட்டு. அதில் நான் நிஜமாகவே கத்தரிக்கோலைத் தாளத்துக்கு வெட்டிக்கொண்டே பாடினேன். முடிந்ததும் டிரம்ஸ்காரர், "நங்கி, ஹரி ஷோக்!" என்று, தங்கச்சி பிரமாதம் என்று சிங்களத்தில் கத்தி, குச்சியை மேலே வீசிப் பிடித்தார். எனக்கும் ஷோக்காகத்தான் இருந்தது. கல்யாணம், மாமா, பூந்தி எல்லாம் மறந்தே போயிற்று.

கடைசியாக மழைப் பாட்டு. மெதுவாகத் தொடங்கி நடுவில் வேகம் எடுக்கும்.

மழையே மழையே போகாத,
வாளி இன்னும் காயல.
மலையும் மரமும் தூங்கட்டும்,
மனசு மட்டும் தூங்கல.

அடுத்தது டிரம்ஸ் உச்சத்துக்கு ஏறுகிற இடம்.

வந்தவரு வாசல்ல நின்னாரு,
வாரியா புள்ளைன்னு கேட்டாரு,
வாயத் தொறந்து நானும்தான்
வார்த்த ஒண்ணு சொன்னேனே!
என்ன சொன்னேன்? என்ன சொன்னேன்?

அந்த இடத்தில் ஸ்டோர் வாசலிலேயே, தொங்குகிற ரப்பரையும் துளைத்துக்கொண்டு, கொம்புச் சத்தம் வந்தது.

மழை எப்போது விட்டது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மழை பெய்வது கேட்காத அறையில் மழை விடுவதும் கேட்காது. இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிச் சொல்லி எல்லாரையும் கூட்டிவந்த எனக்கே அது தோன்றவில்லை. வேளையோடு மழை விட்டால் மலைக் கங்காணி பால் வெட்டக் கொம்பு ஊதிவிடுவார். உடனே வாளியோடு மலையில் நிற்காவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் இல்லை. வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் உள்ளே நின்று மழையைப் போகாதே போகாதே என்று கெஞ்சிக்கொண்டிருந்தோம்.

"அம்மோ! வெஸ்ஸ நெவதிலா!" என்று டிரம்ஸ்காரர் குச்சிகளைப் போட்டார். "ஐயோ, மழ விட்டுருச்சு!" என்று அண்ணன் கிட்டாரைப் பிட்டர் கையில் திணித்தான். பிட்டர் இரண்டு கிட்டாரோடு சாய்ந்துபோய் நின்றார். ஓடுகிறவர்களைப் பார்த்து நான், "டேய், எங்க போறீங்க? பாட்டு முடியலடா!" என்று கத்தினேன். பெட்டியை யாரும் நிறுத்தவில்லை. அத்தனையும் கேசட்டில் ஏறிவிட்டது.

மறுபடி அப்படி ஒரு நாள் கிடைக்கவில்லை. சாயங்காலமே பெட்டி போய்விட்டது. பிட்டர் மட்டும் மனந்தளராமல் கேசட் அட்டையில் அழகான எழுத்தில் 'சிறந்த பாடல்களும் இரண்டு புதிய பாடல்களும்' என்று எழுதினார். ஒன்றரை என்று எழுதச் சொன்னேன். கலைஞர்களுக்கு அது அழகில்லை என்றுவிட்டார். டிரம்ஸ்காரர் அதை கஹவத்தையில் கேசட் பதிகிற கடையில் கொடுத்து நாலைந்து பிரதி எடுத்தார். அதில் ஒன்று றக்வான பஸ் டிரைவர் கைக்குப் போனது. பஸ்ஸைப் பற்றிப் பாட்டு என்றால் எந்த டிரைவர் விடுவார்? காலையிலிருந்து இருட்டும்வரை அதையே போட்டுக்கொண்டு மலை ஏறி இறங்கினார்.

ஆனால் ஜனங்கள் பிடித்துக்கொண்டது பஸ் பாட்டை இல்லை. அரைப் பாட்டைத்தான். "என்ன சொன்னேன்? என்ன சொன்னேன்?" என்று வந்து, கொம்பு ஊதி, அம்மோ என்று அலறி, நான் டேய் என்று கத்தி, டக்கென்று நின்றுவிடும். பஸ் முழுக்கச் சிரிக்கும். பிறகு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். என்னை வழியில் கண்டவர்கள் எல்லாம், "அப்புறம் என்னாதான் சொன்ன?" என்று கேட்டார்கள். அண்ணன் எழுதியிருந்த பதில் ரொம்ப சாது: மழை விட்டதும் வாரேன்னு சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு ஏனோ வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் பாட்டு முடிந்துவிடும்.

கல்யாணம் தோட்டத்துக் கோவிலில் நடந்தது. மத்தியானம் மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். முன்னால் புடவைக்கடை, பின்னால் வீடு. துணைக்கு அண்ணனும் பேண்டும் வந்திருந்தார்கள். பாலும் பழமும் கொடுத்து என்னைப் பாயில் உட்காரவைத்தார்கள். சுற்றிலும் பெண்கள். எதிரே நாற்காலியில் அந்தத் தாய்மாமன். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாத மாமியார் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"பஸ்ஸுல ஏறுனா ஒம் பாட்டு. கடைக்கு வர்ற பொம்பளைங்க துணிய கையில வச்சுக்கிட்டு ஒங்க மருமக என்னா சொல்லுச்சுன்னு கேக்குறாங்க. எனக்கே தெரியாது, நான் என்னத்த சொல்றது? இப்ப சொல்லு, நீ என்னாதான் சொன்ன?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார் தாய்மாமன்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. எனக்கு ரெண்டு வாரமா தூக்கம் வரல."

மேடை ஏறக் கூடாது என்றுதான் தாய்மாமன் சொல்லியிருந்தார். நான் பாயில்தானே உட்கார்ந்திருந்தேன். அண்ணனைப் பார்த்தேன். அவன் கை தட்டத் தொடங்கினான். டிரம்ஸ்காரர் துணி அளக்கிற மேசையைக் கடைப்பக்கத்திலிருந்து இழுத்துவந்து இரண்டு கையாலும் அடித்தார். மழையே மழையே என்று எடுத்தேன். வந்தவரு வாசல்ல நின்னாரு என்று வரும்போது என் வீட்டுக்காரர் நிஜமாகவே வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். என்ன சொன்னேன், என்ன சொன்னேன் என்று இரண்டு தடவை கேட்டேன். அண்ணன் எழுதிய பதில் நாக்கு நுனிவரை வந்தது. நான் அதை விழுங்கிவிட்டு, வாசலில் நின்றவர் முகத்தைப் பார்த்தே பாடினேன்:

பாடிக்கிட்டே வாரேன்னு சொன்னேன்!

அண்ணனின் கை நின்றுவிட்டது. அவனுக்கு மட்டும்தான் அது மாற்றின வரி என்று தெரியும். தாய்மாமன் தொண்டையைச் செருமினார். அவர் பேசுவதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"அப்ப சரி. வாசப்பக்கம் திரும்பி உக்காந்து இன்னொருக்கா பாடு. கடையில நிக்கிறவங்களுக்குக் கேட்டிருக்காது."

அடுத்த மழைக்கு ஒரு பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு அதே அறைக்குத் திரும்பிப் போனோம், மீதிப் பாட்டைப் பதிய. இந்த முறை மழையைக் கவனிக்க வெளியே ஓர் ஆளை நிறுத்தியிருந்தோம். பாட்டு முடிகிறவரை குடையைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றார். வேட்டி முழங்கால் வரை நனைந்துவிட்டது. உள்ளே நான் பாடினதில் அவருக்கு ஒரு வரியும் கேட்டிருக்காது. நான் வெளியே வந்ததும் குடையை என் தலைக்கு மேலே நீட்டி, "முழுசா பாடிட்டியா?" என்றுதான் என் வீட்டுக்காரர் முதலில் கேட்டார்.