கஜபதியின் வலிக்காத இடம்

கஜபதி நல்ல மனுஷர். எங்கள் டயாலிசிஸ் சென்டரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் சொல்வேன், சொல்லும்போதே எரிச்சலும் வரும். பக்கத்துக் கட்டிலில் வருஷக்கணக்காகப் படுத்திருந்தவள் நான். ஒரு மனுஷர் தன் கையைத் தானே கெடுத்துக்கொண்டதையும், சுற்றியிருந்தவர்கள் சிரித்த முகத்தோடு அதற்குத் துணைபோனதையும் கண்ணால் பார்த்தேன்.

அவர் மேனாம்பேட்டுக்காரர். அப்பா காலத்து நிலமெல்லாம் மனைகளாகிப் போக, பாடியில் ஒரு கம்பெனியில் டிரில்லிங் மெஷின் வேலைக்குச் சேர்ந்தவர். இரும்புத் தகட்டில் ஓட்டை போடுவதுதான் பிழைப்பு. சர்க்கரை வந்து கிட்னியைத் தின்றதும் வேலையும் போயிற்று. நான் ஹேமாவதி. ஆவடி குவார்ட்டர்ஸில் பாதி ஆயுளைத் தள்ளிவிட்டு, வீட்டுக்காரர் ரிட்டயரானதும் முத்தாபுதுப்பேட்டைக்குக் குடிவந்தவள். எனக்கும் கிட்னிதான்.

இந்த வியாதி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்து, ரத்தம் வேகமாக ஓடும்படி செய்து வைப்பார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். டயாலிசிஸ் அன்று அதில் இரண்டு ஊசி ஏறும். ஒன்று அழுக்கு ரத்தத்தை மெஷினுக்கு இழுக்கும், மற்றது சுத்தமான ரத்தத்தை உடம்புக்குத் திருப்பும். ஊசி என்றதும் காய்ச்சலுக்குப் போடுகிற ஊசியை நினைக்காதீர்கள். கோணி தைக்கிற பருமன் இருக்கும்.

கஜபதிக்கு இடது கையில் செய்தது சரியாகவே ஓடவில்லை. வலது கைதான் மிச்சம். "இதைப் பத்திரமா வச்சுக்குங்க. இதுவும் போனா கழுத்துலதான் குழாய் போடணும். அதுல ரத்தம் சரியா வராது, கிருமி வேற ஏறும்" என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்லி அனுப்பினாராம். இதை என்னிடம் சொன்னது கஜபதியேதான். தெரியாமல் ஒன்றும் செய்யவில்லை அவர்.

ஆனால் ஊசி என்றால் அந்த மனுஷருக்கு உயிர் போய்விடும். ஆரம்பத்தில் அவர் போட்ட கூச்சலில் கீழ்த்தளத்து மெத்தைக் கடைக்காரர் மாடியேறி ஓடி வந்தார். அப்போதுதான் தேவா வந்தான். ஆவடிப் பையன், டெக்னீஷியன், கலகலப்பானவன். முழங்கைக்குக் கீழே ஓர் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே குத்த ஆரம்பித்தான். குத்திக் குத்தி அந்த இடம் மரத்துப்போனது. அப்புறம் கூச்சல் நின்றது. ஒரு விரல் அகல இடத்துக்குள் இரண்டு ஊசியும் ஏறும், கஜபதி கதை பேசிக்கொண்டிருப்பார்.

எங்கள் சென்டரில் இது ஒரு வழக்கம். ஆளுக்கு ஒரு டெக்னீஷியனைப் பிடித்து வைத்துக்கொள்வோம். வலிக்காமல் குத்துகிறவன் கைராசிக்காரன். தீபாவளிக்கு அவனுக்குத்தான் சட்டைத்துணி. மேனேஜர் தட்சிணாமூர்த்திக்கும் அதில் பரம திருப்தி. அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் மாடிப்படியில் காத்துக்கொண்டிருக்க, சீக்கிரமாகவும் சத்தமில்லாமலும் வேலை நடந்தால் அவருக்கு வேறென்ன வேண்டும்? டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வருவார். கட்டில் கட்டிலாக "நல்லாருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போவார். நாங்களும் தலையாட்டுவோம்.

சௌம்யா என்று புதிதாக ஒரு நர்ஸ் வந்தாள். தேவா லீவு போட்ட ஒருநாள் கஜபதியின் கையைப் பார்த்துவிட்டு முகம் மாறினாள்.

"சார், ரெண்டு ஊசியும் இவ்ளோ பக்கத்துல இருக்கக் கூடாது. சுத்தம் பண்ணி உள்ள அனுப்புற ரத்தத்தையே அடுத்த ஊசி திரும்ப இழுத்துக்கும். நாலு மணி நேரம் படுத்தும் பிரயோஜனம் இல்ல. ஒரே எடத்துல குத்துனா தோலும் மெலிஞ்சிடும். இன்னைக்கு கொஞ்சம் மேல தள்ளிப் போடறேன்."

"இன்னா பாப்பா, படிச்சத என் கையில ஒப்பிக்கிறியா? தேவா குத்துற எடத்துல குத்து. இல்லாங்காட்டி ஊசியக் கீழ வெச்சிட்டுப் போய்க்கினே இரு."

அவள் பொறுமையாகத் தள்ளியே குத்தினாள். அழகாகத்தான் குத்தினாள், ஆனால் அது மரத்துப்போகாத இடம். கஜபதி சென்டரே இடிந்து விழுகிற மாதிரி கத்தினார். மறுநாளே மேனேஜரிடம் போய், அந்தப் பெண்ணுக்கு ஊசி போடத் தெரியவில்லை என்று புகார் சொன்னார். தானும் சொன்னது போதாதென்று மற்றவர்களையும் சொல்ல வைத்தார். அந்த மாசமே சௌம்யாவை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். கஜபதி ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் எங்களுக்கெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். நான் வாங்கவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "கஜபதி, தகட்டுல ரெண்டு ஓட்டையை ஒட்டி ஒட்டிப் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"நடுவுல கீற செவுரு நிக்காதுக்கா. பிச்சுக்கினு பூடும். அப்டிப் போட்ட ஒருத்தன நானே மெஷின உட்டு எறக்கிக்கீறேன்."

"அப்ப உங்க கையைப் பாருங்க."

பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "இரும்பு வேற, ஒடம்பு வேறக்கா. ஒடம்பு தன்னால வளந்துக்கும்."

ஓட்டை போட்டே வாழ்ந்த மனுஷர் இப்படிச் சொன்னால் நான் என்ன செய்ய?

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அந்தப் பெண் சொன்னபடியே நடந்தது. ஒழுங்காக வந்து படுத்தும் ரத்தம் சுத்தமாகவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. வாயில் வைத்த சோறு கசந்தது. ரத்தப் பரிசோதனை ஒவ்வொரு மாசமும் மோசமாக வந்தது. சென்டர்காரர்கள் மாத்திரையை மாற்றினார்கள். அவரும் மெஷின் மீது பழி போட்டார், தண்ணீர் மீது போட்டார், கடைசியில் பெண்டாட்டி சுசீலா மீது போட்டார். அந்த மகராசி காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, உப்பில்லாமல் தாளித்து, தானும் அதையே தின்றுகொண்டிருந்தாள். "இன்னாத்த ஆக்கிப் போடுற நீ?" என்று அவளை எங்கள் எதிரிலேயே திட்டுவார். ஊசி குத்துகிற இடத்தைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

குத்தின இடம் நெல்லிக்காய் மாதிரி புடைத்தது, பிறகு எலுமிச்சம்பழ அளவுக்கு வந்தது. தோல் பளபளவென்று மெலிந்து, மேலே ஒரு பொருக்கு ஆறாமல் நின்றது. தேவா அதன் ஓரத்திலேயே குத்திவிட்டு, முடிந்ததும் பெரிய பிளாஸ்டராகப் போட்டு மூடி அனுப்பினான். முழுக்கைச் சட்டை போட்டால் தெரியாது.

ஒருநாள் காலையில் அந்தச் சட்டையை மாட்டும்போது பொருக்கு பிய்ந்துகொண்டது. ரத்தம் எதிர்ச் சுவரில் போய் அடித்ததாம். சுசீலா கட்டைவிரலால் அந்த ஓட்டையை அழுத்திப் பிடித்தவள், ஆட்டோவில் பாடி மேம்பாலத்து நெரிசலைத் தாண்டி, பெரிய ஆஸ்பத்திரி கட்டிலில் அவரைக் கிடத்தும்வரை விரலை எடுக்கவில்லை. உயிர் தங்கியது அவளால்தான். அந்த ரத்தக் குழாயை அடியோடு கட்டித்தான் ரத்தத்தை நிறுத்தினார்கள். வலது கையும் முடிந்தது.

திரும்பி வந்தபோது கழுத்தில் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் பாதியாகியிருந்தார். அதில் கிருமி ஏறி ஏற்கெனவே ஒருமுறை குளிர்க் காய்ச்சல் வந்து போயிருந்தது. இன்னொரு தடவை கிருமி ஏறினால் கஷ்டம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். சுசீலா இதை வெளி பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள். அழவில்லை, சொன்னாள், அவ்வளவுதான்.

தேவா கையுறை மாட்டிக்கொண்டு கழுத்துக் குழாயை மெஷினோடு சேர்க்க வந்தான். கஜபதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய் தேவா. அந்தப் பொண்ணு சொன்னது உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் அண்ணாத்தே. படிக்கும்போதே சொல்லிக் குட்த்தாங்க."

"அப்பறம் ஏன்டா நைனா நீ சொல்லல?"

தேவா குழாயின் மூடியைத் திறந்து, மருந்துப் பஞ்சால் நிதானமாகத் துடைத்தான். கோபமில்லாமல்தான் பதில் சொன்னான்.

"சொன்ன பொண்ண நீ இன்னா பண்ண?"

மெஷின் ஓட ஆரம்பித்தது. கஜபதி என் பக்கம் திரும்ப முயன்றார், கழுத்துக் குழாய் விடவில்லை. அவருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.