சந்தில் கூவிய வார்த்தை

அறுபதுகளின் நடுவில் நான் பம்பாயில் ஒரு மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளர். வீடு மாட்டுங்காவில். தமிழ் தெரியும் என்ற ஒரே காரணத்தால், மாணவர்களைத் தாராவிக்கு அழைத்துப்போகும் வேலை என் தலையில் விழுந்தது.

ஒரு புதன்கிழமை, தோல் பதனிடும் கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்த சந்துக்குப் போனோம். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, மூன்று மாதமாக இருமல் என்றாள். அவளுடைய முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த மாணவன், வாசலில் நின்ற நண்பர்களைப் பார்த்து, "டி.பி. கேஸ்! ஃபர்ஸ்ட் கிளாஸ் டி.பி. கேஸ்!" என்று கூவினான். புதையல் எடுத்தவன் போல முகம். சந்து முழுக்கக் கேட்டது. நான் அவனை முறைத்தேன், அதோடு சரி. சளிப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் அவள் வாசலிலேயே மறித்தாள்.

"டாக்டரம்மா, ஒங்க பையன் என்னத்தச் சொல்லிட்டுப் போனான்? குழாயடியில என் குடத்த வைக்க விடமாட்டக்காவ. இருக்க ஒத்த ரூமு, இந்தக் கோலியக் காலி பண்ணுன்னு வாடகைக்கு விட்டவரு நிக்காரு. எனக்கு அந்தச் சீக்குதானா? அதையாவது சொல்லுங்க."

இல்லை. இரண்டு முடிவுகளும் என் பையில் இருந்தன. சுண்ணாம்பும் தோல் தூசியும் கிளப்பிவிட்ட இழுப்பு, அவ்வளவுதான் என்று சொன்னேன்.

கொதித்துப்போய்த் துறைத் தலைவரிடம் சொன்னேன். "குழாயடிச் சண்டைக்கெல்லாம் நமக்கு நேரமில்லை மேடம், பசங்களுக்குப் பரீட்சை வருகிறது" என்றார்.

"டி.பி.யே இருந்திருந்தாலும் அதைச் சந்தில் கூவ இவனுக்கு யார் உரிமை கொடுத்தது?"

அவர் ஃபைலைப் புரட்டினார்.

அவளிடமே போய், என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "அவன் வாயாலேயே சொல்லட்டும். எல்லாரும் இருக்கையில சொல்லட்டும்" என்றாள்.

மறுநாள் காலை, தண்ணீர் வரும் நேரத்தில் அவனைக் குழாயடிக்கு இழுத்துப்போனேன். இவளுக்கு டி.பி. இல்லை, தவறு என்னுடையது என்று இந்தியில் முனகினான்.

"அன்னைக்கு மட்டும் தொண்ட நல்லா இருந்துச்சே! சத்தமாச் சொல்லும்!" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

காது சிவக்க, உரக்கச் சொன்னான். திருநெல்வேலிக்காரி தன் குடத்தை வரிசையில் வைத்தாள். யாரும் தள்ளவில்லை. கோலியும் பிழைத்தது. ஆனால் என்னிடம், "மருந்த மட்டும் குடுத்துட்டுப் போங்க. இனிமே ஒங்க பிள்ளையளக் கூட்டிட்டு உள்ள வராதிய" என்றாள். முதல் நாளே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

பருவ முடிவில் அந்த மாணவனின் களப்பணி நோட்டைப் பார்த்தேன். அவளுடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டி.பி. அல்ல' என்று எழுதியிருந்தான். கையெழுத்துப் போட மறுத்தேன். துறைத் தலைவர் போட்டுக் கொடுத்தார்.