பொக்கெற்றுக்குள் இருந்த கை

கொட்டாஞ்சேனையில் வானொலி திருத்தும் கடை நடத்திய ஒஸ்வால்ட், அறுபதுகளில் வானொலி ஆர்வலர் சங்கமொன்றின் மாத இதழுக்குக் கேலிச்சித்திரங்களும் வரைந்தார். சித்திரங்களின் கீழே, கம்பிகளைப் பற்றவைக்கும் ஈயத்தின் பெயரான 'சொல்டர்' என்ற புனைபெயர் இருக்கும். அது யாரென்பது இதழாசிரியர் ஹமீட்டுக்கு மட்டுமே தெரியும்.

அக்காலத்து மலிவான வால்வு வானொலிகளில் உள்ளிருக்கும் தகரச் சட்டத்திலேயே மின்சாரம் நிற்கும். இரு கைகளும் பட்டால் அது நெஞ்சை ஊடறுத்துப் போகும். ஆகவே கவனமானவர்கள் ஒரு கையைக் கால்சட்டைப் பொக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டு மறுகையால் மட்டுமே சோதிப்பார்கள். வெள்ளவத்தையில் அதே தொழிலில் கடை வைத்திருந்த, எல்லோரும் 'மாஸ்ரர்' என்றழைத்த கதிர்காமநாதன் அந்த வழக்கத்தைத் தவறவிட்டதே இல்லை. ஒஸ்வால்டும் அப்படித்தான். ஆனாலும் ஒரு மாதம் வேறெதுவும் தோன்றாமற்போக, அவர் கதிர்காமநாதனின் நீண்ட மூக்கையும் பொக்கெற்றுக் கையையும் வரைந்து, 'மாஸ்ரருக்குக் குளிர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இதழ் கைமாறிக் கைமாறிப் போயிற்று. கடைக்கு வந்தவர்களெல்லாம் கதிர்காமநாதனைச் சீண்டினார்கள்.

"என்ன மாஸ்ரர், இண்டைக்கும் குளிரோ? கம்பளி கொண்டரட்டோ?"

கதிர்காமநாதன் கையை வெளியே எடுத்து, அன்றிலிருந்து இரு கைகளாலும் வேலை செய்தார்.

சில நாட்கள் கழித்து, களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போன பஸ்ஸில் ஒஸ்வால்ட், அந்தச் சித்திரம் தன்னுடையதென்று சொல்லவேண்டியதை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே போனார். கட்டிலில் கிடந்தவரின் இரு கைகளிலும் கட்டு. பக்கத்தில் மனைவி பத்மாவதி.

"கரண்ட் தூக்கி எறிஞ்சு போட்டுது," என்றார் பத்மாவதி. "உயிர் தப்பினதே பெரிசு. எல்லாம் அந்தக் கோதாரி விழுந்த படத்தாலை."

"விடும்," என்றார் கதிர்காமநாதன். "பகிடிக்குக் கீறினவன். அவனுக்கென்ன தெரியும், வேலை தெரியாதவன்." பிறகு ஒஸ்வால்டைப் பார்த்தார். "சங்கத்திலை எல்லாரும் சிரிச்சவங்கள். நீர் ஒராள்தான் சிரிக்கேல்லை. நான் கவனிச்சனான்."

கொண்டுபோன தோடம்பழப் பையை ஒஸ்வால்ட் மடியிலிருந்து கீழே வைக்கவும் மறந்திருந்தார்.

"கடையை நான் பாக்கிறன், மாஸ்ரர்," என்று மட்டும் சொன்னார்.

கைகள் ஆறும்வரை தினமும் பின்னேரம் வெள்ளவத்தைக்கு வந்து, கூலி வாங்காமல் வேலை செய்தார். அதன்பின் அவர் ஒரு கேலிச்சித்திரமும் வரையவில்லை. அவ்வருடச் சங்கக் கூட்டத்தில் கதிர்காமநாதன் எழுந்து, ஒஸ்வால்டைப் போல ஒரு நண்பன் கிடைப்பது அரிது என்று பேசினார். ஹமீட் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் கைதட்டினார்கள். அந்தப் பாராட்டை மறுப்பதென்றால் காரணத்தையும் சொல்லவேண்டும். ஒஸ்வால்ட் எழுந்து, எல்லோருக்கும் கைகூப்பிவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்.